எந்த விளையாட்டு

"குனியாதீங்க. கனம் தூக்காதீங்க."
செஞ்சையில் என் கிளினிக்குக்கு வந்த முதுகுகளுக்கெல்லாம்
பதினோரு வருஷம் இதைத்தான் சொல்லியனுப்பினேன்.
சேவுகனுக்கும் சொன்னேன்.
கல்யாணச் சமையலில்
சோறு வெந்ததும் அண்டாவின் வளையத்தில் கம்பு கோத்து
ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப்போய்
கஞ்சி வடிக்கிற வேலை அவருக்கு.
கேட்டுக்கொண்டார். பீஸ் கொடுத்தார்.
வாசலில் செருப்பை மாட்டும்போது
"நான் தூக்காட்டி யாரு தூக்குவா" என்றார்,
என்னிடம் இல்லை,
செருப்பிடம்.

அந்த வருஷமே சேர்ந்தேன்.
வலுப்பயிற்சியில் முதுநிலைப் பட்டயம்,
பிசியோக்களுக்கு மட்டும்,
மாதம் இரண்டு ஞாயிறு,
கழனிவாசல் பக்கம் காலியாய்க் கிடந்த டைல்ஸ் குடோனில்.
முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் கழுத்தில் அடையாள அட்டை.

பாடமெடுத்த இளம்பரிதிக்கு இருபத்தாறு.
ஸ்கேன் படம், எலும்புக்கூடு, எதுவும் காட்டவில்லை.
தரையில் ஒரு கம்பி, இரண்டு பக்கமும் தட்டு.
"நாற்பது கிலோ. எடுங்க மேடம்."
எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறதென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
கம்பி அசையவில்லை.
தேவகோட்டை நஸீமா வாய்விட்டுச் சிரித்தாள்.
அவள் முறை வந்தது.
நான் சிரித்தேன்.

திங்கட்கிழமை கிளினிக் படியில்
சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.
காத்திருந்த மூட்டுவலிக்காரர் ஒருவர்
எழுந்து நாற்காலி கொடுத்தார்.

நாலாம் மாதம் நாற்பது எழும்பியது.
கெண்டைக்காலுக்கு முன்னால் தோல் உரசிச் சிவந்த கோடு;
வீட்டில் யாருக்கும் காட்டாமல்
இரண்டு நாள் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம்தான் சேவுகனுக்குப் போன் செய்தேன்.
"முன்னாடி சொன்னதை மறந்துடுங்க."
"எதை?" என்றார்.
அவர் ஏற்கெனவே மறந்திருந்தார்.

பழைய இரும்புக் கடைத் தராசில்
அண்டாவைத் தண்ணீரோடு ஏற்றி எடை போட்டோம்.
எண்பத்தாறு. ஆளுக்கு நாற்பத்து மூன்று.
கடைக்காரர் எங்களைக் கேட்காமலே
தண்ணீரைக் கழித்து அண்டாவுக்கு விலை சொன்னார்.
அஞ்சு கிலோ அரிசிப் பையில் ஆரம்பித்தோம்.
இடுப்பை மடக்கு, முதுகை அல்ல.
"ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்?"
அதற்கே மூன்று வாரம் ஆனது.

தேர்வுக்கு ஒரு ஆளின் வருஷத் திட்டம் எழுத வேண்டும்.
அச்சடித்த படிவம்.
போட்டிக்காலம் என்ற கட்டத்தில்
தை, மாசி, வைகாசி, ஆனி என்று நிரப்பினேன்.
ஆவணிக்கு அடியில் கோடு,
அதில் மட்டும் ஏழு முகூர்த்தம்.
ஓய்வுக்காலம்: ஆடி, மார்கழி.
கனத்தைக் கூட்ட ஆடியை விட்டால் மாதமில்லை,
கல்யாணமில்லாத மாதம்,
உடம்புக்கு அதுதான் விதைப்பு.
போட்டி நேரம்: விடியற்காலம் மூன்று மணி,
ஈரத் தரை, கண்ணில் விறகுப் புகை,
காலில் ரப்பர் செருப்பு.
விளையாட்டு என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த தேர்வாளர்
பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
கபடிக்காரர்களும் ஒரு வேகப்பந்து வீச்சாளரும்
எனக்கு முன்னால் போயிருந்தார்கள், காகிதத்தில்.
"எந்த விளையாட்டு மேடம் இது?"
"பந்தி, சார்."
சிரிப்பாரென்று நினைத்தேன்.
"ஒரு நாளைக்கு எத்தனை அண்டா?" என்று கேட்டு
குறித்துக்கொண்டார்.
கட்டத்தை நிரப்பாததற்கு
இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

ஆவணி மூன்றாம் முகூர்த்தம், பள்ளத்தூர்.
பெண் வீட்டுக்கு நான் தூரத்துச் சொந்தம்,
தாலி கட்டும்போது கொட்டகைப் பின்புறம் நின்றிருந்தேன்.
சேவுகன் கம்புக்கு அடியில் தோளைக் கொடுக்கவில்லை;
இடுப்பு பின்னால் போனது,
மூச்சை உள்ளே அடைத்தார்,
அண்டா எழுந்தது.
கெட்டிமேளச் சத்தத்தில் நான் எண்ணியது
யாருக்கும் கேட்டிருக்காது.
இறக்கும்போது அவசரப்பட்டார்.
அதைப் பேசணும்.

கம்பின் மறுமுனையில் ஒரு புதுப் பையன்.
முதுகு வில்லாய் வளைந்திருந்தது.
அவன் இன்னும்
என்னிடம் வரவில்லை.